கத்தியில்லாமல் முகத்தோல் இறுக்கும் அல்ட்ராசவுண்ட்: கொழிஞ்சாம்பாறை முதல் வாளையாறு வரை கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் (ஆந்திரா சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்), மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. ஒரு பக்கம் கோயம்புத்தூர் விளம்பரம், மறுபக்கம் பாலக்காடு, திருச்சூர், கொச்சி விளம்பரம். நடுவில் நிற்பவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது என்னங்க, வயித்துக்கு எடுக்கற ஸ்கேன் மாதிரியா? கத்தி வெக்காம தோல் எப்படி இறுகும்?

ஸ்கேனில் போவதும் இதே ஒலி அலைதான். ஆனால் ஸ்கேனில் அலை பரவிப் போய்த் திரும்பி வந்து படம் காட்டும். இந்தச் சிகிச்சையில் அலையைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்து வைக்கோலைக் கருக்குவது போலத்தான்: கண்ணாடி சுடுவதில்லை, குவியும் இடம் மட்டும் சுடுகிறது. அந்தப் புள்ளியில் வெப்பம் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். மேல்தோல் அப்படியே இருக்கும்.

அந்தச் சூட்டில் அங்கிருக்கும் கொலாஜன் இழைகள் உடனே சுருங்கும். இது சிறு பங்குதான். உடம்பு அந்த நுண்காயங்களை ஆற்றும்போது புதுக் கொலாஜனை உண்டாக்குகிறது. இறுக்கத்தின் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது, அதற்கு மாதங்கள் ஆகும். அன்றைக்கே முகம் இறுகிவிட்டதாகத் தெரிவதில் வீக்கத்துக்கும் பங்கு உண்டு.

அல்தெரபி, ஹைஃபூ, சோஃப்வேவ்னு மூணு பேர் சொல்றாங்க. மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் ஒலி அலைதான், வேலை செய்யும் விதம் வேறு. அல்தெரபி என்பது ஒரே நிறுவனத்தின் மெஷின். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்குப் புருவம் தூக்க 2009-லும், தாடைக்கு அடியும் கழுத்தும் இறுக்க 2012-லும், மார்பின் மேல்பகுதிச் சுருக்கங்களுக்கு 2014-லும் அனுமதி கொடுத்தது. இதன் பெரிய வசதி திரையில் தெரியும் படம். அலையை அடிக்கும் முன்பே தோல், கொழுப்பு, தசை உறை எல்லாம் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று டாக்டர் பார்க்கலாம். மெஷினின் கைப்பிடி தோலில் சரியாக ஒட்டவில்லை என்றால் அதுவும் படத்தில் தெரிந்துவிடும்.

ஹைஃபூ என்பது மெஷின் பெயரே அல்ல, அலையைக் குவித்து அடிக்கும் முறையின் பெயர். கொரியாவின் அல்ட்ராஃபார்மர் முதல் பெயர் தெரியாத மலிவு இறக்குமதி வரை எல்லாமே ‘ஹைஃபூ’ பலகையின் கீழ்தான் வருகின்றன. பெரும்பாலானவற்றில் படம் கிடையாது. டாக்டரின் உடற்கூறு அறிவுதான் கண். நல்ல மெஷினும் நல்ல கையும் சேர்ந்தால் இதிலும் பலன் உண்டு. ‘ஹைஃபூ பண்றோம்’ என்று சொன்னால் அது விடையில் பாதிதான். எந்த நிறுவனம், எந்த மாடல் என்பது மீதிப் பாதி.

சோஃப்வேவ் அலையைப் புள்ளியில் குவிப்பதில்லை. ஏழு அலைக்கற்றைகளை இணையாக அனுப்பி, நடுத்தோலில் சுமார் 1.5 மி.மீ. ஆழத்தில் வெப்பமேற்றுகிறது, மேல்தோலைக் கூடவே குளிர்விக்கிறது. 2019-ல் முகச் சுருக்கங்களுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. ஆழத்தில் இருக்கும் தசை உறையை இது தொடுவதில்லை. சிலருக்கு அது குறை, சிலருக்கு அதுவே பாதுகாப்பு. யாருக்கு எது என்பது அடுத்த இரண்டு பதில்களில்.

1.5, 3, 4.5ங்கறாங்க. அது என்ன நம்பர்? எனக்கு எது வேணும்?

அது மி.மீ. கணக்கில் ஆழம். 1.5 என்றால் மேல்தோலுக்குக் கீழே உள்ள நடுத்தோல். மெல்லிய சுருக்கம், தோலின் சொரசொரப்பு இவற்றுக்கு. 3 என்றால் தோலின் அடிப்பகுதி. 4.5 என்றால் கொழுப்புக்கும் கீழே உள்ள எஸ்.எம்.ஏ.எஸ். எனும் தசை உறை. ஃபேஸ்லிஃப்ட் அறுவையில் இழுத்துத் தைப்பதும் இதைத்தான். ஆழம் கூடினால் அலையின் அதிர்வெண் குறையும், சக்தி கூடும். 

கண்ணாடி முன் நிமிர்ந்து உட்காருங்கள். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, தோலை மெதுவாக மேலும் பின்னுமாக ஒரு செ.மீ. அளவுக்கு நகர்த்துங்கள். அந்தச் சின்ன நகர்த்தலிலேயே தாடையோரத் தொங்கல் மறைந்தால் அல்ட்ராசவுண்டு உங்களுக்கு வேலை செய்ய வாய்ப்பு உண்டு, 4.5-ம் 3-ம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நன்றாக இழுத்தால்தான் மறைகிறது என்றால் எந்த மெஷினும் அதைச் செய்யாது, அறுவை சிகிச்சை நிபுணரிடம் போவதே நேர்மையான வழி. தொங்கலே இல்லை, கண்ணோரத்திலும் கன்னத்திலும் நுண்சுருக்கம்தான் என்றால் 1.5 போதும், சோஃப்வேவ் அந்த இடத்துக்கானது. மல்லாந்து படுத்தபடி கண்ணாடி பார்த்து ‘இப்படி வேணும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முகம் இதில் கிடைக்காது.

எனக்கு ஒல்லி முகம். இதப் பண்ணினா கன்னம் ஒட்டிப் போயிரும்னு பயமுறுத்தறாங்களே?

பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒல்லியான முகத்தில் கொழுப்பு அடுக்கு மெல்லியது. 4.5 என்று அமைத்த குவிமையம் தசை உறையில் விழாமல் வேறு அடுக்கில் விழலாம். கன்னக்குழிப் பகுதியில் அதிக சக்தியோடு திரும்பத் திரும்ப அடித்தால் கொழுப்பு கரைந்து, சில மாதம் கழித்து முகம் வற்றித் தெரியும். அதைத் திரும்பக் கொண்டுவர ஃபில்லர் (குழிந்த இடத்தை நிரப்பும் ஊசி) போட வேண்டியிருக்கும்.

எடை குறைக்கும் ஊசி போட்டு வேகமாக இளைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எடை ஒரு நிலைக்கு வந்து சில மாதம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம். இந்த இரண்டு வகை முகத்துக்கும் ஆழமான அடி வேண்டாம். 1.5-ம் 3-ம் மட்டும், அல்லது சோஃப்வேவ், அல்லது படம் பார்த்து அடிக்கும் அல்தெரபி என்று கேளுங்கள். கன்னத்தின் குழிந்த பகுதியை விட்டுவிடச் சொல்வதிலும் தவறில்லை.

மறுகோடியில், தாடைக்கு அடியில் கொழுப்பு திரண்ட டபுள் சின் இருந்தால் முதல் வேலை கொழுப்பைக் குறைப்பது. தோலை மட்டும் இறுக்கிப் பெரிய மாற்றம் தெரியாது.

லேசர் பண்ணி எங்க அக்காவுக்கு முகம் கருத்துருச்சு. நாங்க எல்லாம் மாநிறம், கருப்பு. இது ஒத்துக்குமா?

லேசரின் ஒளியைத் தோலின் கருமை நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. நம் நிறத்துக்கு லேசர் சிக்கலாவது அதனால்தான். ஒலி அலைக்கு நிறம் தெரியாது. அந்த வகையில் மாநிறத்துக்கும் கருப்புக்கும் இது பொருத்தமான முறை.

ஆனால் தவறாக அடித்து மேல்தோல் கோடு கோடாகச் சுட்டுப்போனால், நம் தோலில் அந்தக் கோடு கரும்படையாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். பங்குனி, சித்திரை வெயிலில் டூவீலரில் அலைந்து முகம் கன்றியிருக்கும்போது செய்துகொள்ள வேண்டாம். ஏற்கெனவே மங்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தச் சூடும் மங்கைக் கிளறக்கூடும்.

வலிக்குமா? மரத்துப் போற க்ரீம் போடறாங்களே, அப்பறம் என்ன?

வலிக்கும். ஆளைப் பொறுத்து, இடத்தைப் பொறுத்து மாறும். எலும்புக்கு மேல் தோல் மெல்லியதாக இருக்கும் நெற்றி, தாடை ஓரம், கன்ன எலும்பு ஆகிய இடங்களில் சுருக்கென்று உள்ளே குத்தும். கீழ்த்தாடையில் அடிக்கும்போது பல்லில் விண்ணென்று தெறிக்கும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பஞ்சுத்துணி வைத்தால் குறையும்.

க்ரீம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் இருந்தாலும் மேல்தோலைத்தான் மரக்கச் செய்யும். 1.5 ஆழத்துக்கு நன்றாக உதவும், 4.5-க்குப் பெரிதாக உதவாது. அதனால்தான் டாக்டர்கள் வலி மாத்திரையும் கொடுக்கிறார்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை அவர்கள் சொல்லட்டும். அல்சர், கிட்னி பிரச்சினை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவும் இருந்தால் நீங்களாக எதையும் போட வேண்டாம். க்ரீமை வீட்டிலேயே முகம், கழுத்து முழுக்க அப்பி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவது ஆபத்து. அதிகப் பரப்பில் மருந்து ரத்தத்தில் இறங்கினால் தலைசுற்றல், படபடப்பு, வலிப்பு வரை போகலாம்.

துளிகூட வலியில்லை என்று ஆழமான சிகிச்சைக்கு விளம்பரம் செய்தால், சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படலாம்.

ஆவணில பொண்ணு கல்யாணம். எப்பப் பண்ணினா முகம் ரெடியாகும்?

மாற்றம் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம், முழுப் பலன் வர ஆறு மாதம் வரை. ஆவணி முகூர்த்தத்துக்கு வைகாசி நடுவிலாவது முடித்திருக்க வேண்டும், மாசியில் என்றால் இன்னும் நல்லது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போய் நின்றால் கிடைப்பது வீக்கமும் தாடையில் தொட்டால் நோவும்தான்.

இன்னொன்று: ஆடி பிறந்தால், அதாவது கேரளக் கணக்கில் கர்க்கடகம், எண்ணெய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் நிறைய. அல்ட்ராசவுண்டு முடிந்து குறைந்தது இரண்டு வாரத்துக்கு முகத்தில் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். உடம்புக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை தடவை பண்ணணும்? ஆறு சிட்டிங் பேக்கேஜ் தள்ளுபடியில தர்றாங்க.

அல்தெரபி பொதுவாக ஒரு தடவை. தேவைப்பட்டால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து இன்னொன்று. நல்ல ஹைஃபூவுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளி. புதுக் கொலாஜன் உருவாக எடுக்கும் நேரமே மாதக்கணக்கு என்று முதல் பதிலில் பார்த்தோம். அது வருவதற்குள் மாதா மாதம் அடிப்பதில் பொருளில்லை. மாதம் ஒரு சிட்டிங் என்று ஆறு விற்கிறார்கள் என்றால், ஒன்று சக்தி மிகக் குறைவு, அல்லது கொழுப்பு கரையும் அபாயத்தை யோசிக்கவில்லை. இரண்டுமே வேண்டாம்.

பேக்கேஜ் வாங்கினால் பணம் முன்னாலேயே போய்விடும். முதல் சிட்டிங்கின் பலனைப் பார்க்கும் முன் மற்ற ஐந்துக்கும் கொடுத்தாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

பார்லர்ல ‘12டி ஹைஃபூ’ வந்திருக்கு. ‘7டி’ய விட அது நல்லதாமே?

அந்த ‘டி’ எந்த அளவீடும் அல்ல, விளம்பரப் பெயர். பெரும்பாலும் எத்தனை கார்ட்ரிட்ஜ் (கைப்பிடியில் மாட்டும் முனை) வருகிறது, ஒரு அடிக்கு எத்தனை வரிசை விழுகிறது என்பதைத்தான் அப்படிக் கூட்டிச் சொல்கிறார்கள். எண் கூடுவதால் தோல் அதிகமாக இறுகாது.

இந்தியாவில் இப்படிப்பட்ட கருவிகள் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் வருகின்றன. வெளிநாட்டு மெஷின் என்றால் இறக்குமதி உரிமம் இருக்க வேண்டும். அதன் படிவ எண் எம்.டி.-15. ‘மெஷின் பேர் என்ன, எம்.டி.-15 காப்பி பார்க்கலாமுங்களா’ என்று கேளுங்கள். சரியான இடத்தில் எடுத்துக் காட்டுவார்கள், இல்லாத இடத்தில் பேச்சை மாற்றுவார்கள். ஆன்லைனில் விற்கும் கையடக்க வீட்டு ஹைஃபூ பற்றியும் இதே பதில்தான். கூடவே ஒன்று: முகத்தில் நரம்பு எங்கே போகிறது என்று தெரியாத கையில் அது இருக்கக் கூடாது.

ஒரு இடத்துல சொல்ற ரேட்டுக்கும் இன்னொரு இடத்துக்கும் மூணு மடங்கு வித்தியாசம். ஏன்?

மெஷின் ஒரு காரணம். ஒரு அடிக்கு விழும் புள்ளி வரிசைதான் ஒரு கோடு. அல்தெரபியின் கார்ட்ரிட்ஜுகள் இத்தனை கோடுதான் என்று எண்ணிக்கை வைத்து வருபவை. முடிந்தால் புதிது வாங்க வேண்டும், விலை அதிகம். முழு முகமும் கழுத்தும் என்றால் 600 முதல் 800 கோடு வரை போகும், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதையே 250 கோட்டில் முடித்து ‘ஃபுல் ஃபேஸ்’ என்று பாதி விலைக்கு விற்பதும் நடக்கிறது. ஆகவே விலையை மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆழத்தில் எத்தனை கோடு என்று கேட்டு, அதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மெஷினின் ஷாட் கணக்கை இன்னொரு மெஷினோடு ஒப்பிட முடியாது, கோட்டின் நீளமும் புள்ளிகளும் வேறு வேறு. ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னவெல்லாம் தப்பாப் போகும்? ஒளிக்காமச் சொல்லுங்க.

வழக்கமானவை: சில மணி நேரச் சிவப்பு, சில நாள் வீக்கம், தாடையில் இரண்டு மூன்று வாரம் வரை அமுக்கினால் நோவு, அங்கங்கே மரமரப்பு, சிலருக்குக் கன்றல். இவை தானாகப் போகும்.

தோலில் வரிசையாகத் தடித்த கோடுகள் எழும்பினால் காரணம் பெரும்பாலும் ஜெல் போதாதது, அல்லது கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்தது. கைப்பிடியின் முழு முகமும் தோலில் தட்டையாக ஒட்ட வேண்டும். இடையில் காற்று புகுந்தால் ஆழத்துக்குப் போக வேண்டிய சூடு மேலேயே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் திரவத்தில் குமிழி விழுந்தாலும் இதே கதி. ஜெல்லைத் துடைத்துத் துடைத்து மிச்சம் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் எழுந்து வந்துவிடலாம். கோடு எழும்பியதும் அங்கேயே நிறுத்தச் சொல்லிக் காட்டுங்கள்.

அரிதானது முகத்தசையை அசைக்கும் நரம்பு வேலை செய்யாமல் போவது. தாடை எலும்பைக் கடந்து உதட்டுக்குப் போகும் நரம்பில் சூடு பட்டால், பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பொட்டுப் பக்கம் போகும் நரம்பு என்றால் ஒரு புருவம் தூக்க வராது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஆனாலும் டாக்டர் அன்றே பார்க்க வேண்டும். மிக மோசமானது கண். கண்குழி எலும்புக்கு உள்ளே அடித்து, கண்புரையும் கருவிழிக் காயமும் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கண்ணிமை மேல் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். முடிந்தபின் பார்வை மங்கினால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி.

சுகர் இருக்கு, ரெண்டு பல் இம்ப்ளான்ட் இருக்கு, போன வருஷம் ஃபில்லர் போட்டேன். பண்ணலாமா?

சுகர் கட்டுக்குள் இருந்தால் டாக்டர் பார்த்து முடிவு செய்யலாம். கட்டில் இல்லை என்றால் முதலில் அது. பல் இம்ப்ளான்ட் தடையல்ல, அந்த இடத்தில் கூச்சம் அதிகம் இருக்கும் என்று சொல்லிவையுங்கள். ஃபில்லர் எங்கே, எது, எப்போது என்று கட்டாயம் சொல்லுங்கள். ஃபில்லர் இருக்கும் இடத்தின் மேல் நேராக அடிக்க மாட்டார்கள். நூல் போட்டு இழுத்த முகத்துக்கும் அப்படியே. போட்டாக்ஸும் (தசையைத் தளர்த்திச் சுருக்கம் குறைக்கும் ஊசி) வேண்டும் என்றால் அல்ட்ராசவுண்டு முதலில், போட்டாக்ஸ் பிறகு.

பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடம்பில் இருப்பவர்கள், முகத்தில் ஆறாத புண்ணோ பெரிய சீழ்ப்பருவோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் வேண்டாம். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருபவர்கள், முகவாதம் வந்தவர்கள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கோயமுத்தூர் போறதா, பாலக்காடு போறதா?

ஊர் முக்கியமில்லை. கையில் கைப்பிடியைப் பிடிக்கப்போவது யார் என்பதே முக்கியம். தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, அவரே அடிப்பாரா, இல்லை பார்த்துவிட்டுப் போய் டெக்னீஷியன் அடிப்பாரா என்று நேராகக் கேளுங்கள். பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு என்றால் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், கேரளா என்றால் அந்த மாநிலக் கவுன்சில் பட்டியலில் பார்க்கலாம். கிளினிக்குக்கும் தனிப்பதிவு உண்டு: தமிழ்நாட்டில் 1997 சட்டப்படி, கேரளாவில் 2018 சட்டப்படி. சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ நீட்டப்படும். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்து. மூன்று மாதம் கழித்துத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் எளிதாகப் போய்வரக்கூடிய ஊரே மேல். கொச்சிக்கு ஒரு தடவை போய்விடலாம், கோடு எழும்பி நாலு தடவை போக நேர்ந்தால்தான் தூரம் தெரியும்.

அன்னிக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வரலாமா? பத்தியம் உண்டா?

வரலாம், வலி மாத்திரை மயக்கம் தருவதாக இருந்தால் துணைக்கு ஆள் வேண்டும். மூக்குத்தி, தோடு, சங்கிலி கழற்றிவிட்டுப் போங்கள். உணவுப் பத்தியம் எதுவும் இல்லை. அன்றைக்கு வெந்நீரில் முகம் கழுவ வேண்டாம். சில நாள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பது, ஃபேஷியல், ஸ்க்ரப் இவற்றை நிறுத்திவையுங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும்.

மூணு மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே?

முதலில் போட்டோ. செய்யும் முன் நேராக, சாய்வாக, பக்கவாட்டில் ஒவ்வொன்று. தலை நிமிர்ந்து, சிரிக்காமல், மேக்கப் இல்லாமல், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். அதே இடத்தில் 90-ஆம் நாள் மறுபடி. நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்கு மெதுவாக வரும் மாற்றம் தெரியாது.

படத்திலும் மாற்றம் இல்லை என்றால் ஆறு மாதம் வரை பொறுங்கள். புகை பிடிப்பவர்கள், வெயிலில் நெடுநாள் உழைத்த தோல், வயது அதிகமானவர்கள் ஆகியோருக்குப் பலன் குறைவாகவே வரும். சரியாகச் செய்தும் சிலருக்கு எதுவும் தெரியாமல் போவது உண்டு. காசு கட்டும் முன் இதைச் சொல்லியிருக்க வேண்டியது டாக்டரின் பொறுப்பு. தொங்கல் அதிகமாக இருந்தே செய்திருந்தால் மூன்றாவது பதிலில் சொன்ன விரல் சோதனையை இப்போது செய்து பாருங்கள்; இன்னொரு சிட்டிங் வாங்குவதா வேண்டாமா என்பது அதிலேயே தெரியும்.

நான் இருக்கறது கேரளா, பண்ணினது கோயமுத்தூர். சுட்டுட்டாங்க. எங்க போய்ப் புகார் குடுக்கறது?

அங்கே போய் அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொள்ளாச்சிக்காரர் திருச்சூரில் செய்துகொண்டிருந்தால் கோவை ஆணையத்துக்குப் போகலாம். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மட்டும் அவர் பதிவு செய்திருக்கும் மாநிலத்தின் மெடிக்கல் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மெஷின் பெயரும் கோட்டு எண்ணிக்கையும் எழுதிய பில், சம்மதப் படிவத்தின் நகல், முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள், வேறொரு தோல் டாக்டர் காயத்தைப் பார்த்து எழுதிய சீட்டு. கடைசியாகச் சொன்ன சீட்டைக் காயம் புதிதாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கரும்படையாக மாறிய பிறகு அது எதனால் வந்தது என்பதில்தான் வாதம் நடக்கும்.